மீரான் பாய் கட்டிய நாட்டுக் கடன்

எனக்குப் பொருளாதாரம் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவூலத்தில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தவள் என்று தெரிந்ததும் கல்யாண வீட்டுப் பந்தியில்கூட "நாட்டு நிலவரம் எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். சாம்பார் எப்படி இருக்கிறது என்று கேட்டால் சொல்லுவேன்.

போன மாதம் என் பழைய அலுவலகத்துக் கணக்கர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "மேடம், இனிமே காகிதச் சலானே கெடையாது, எல்லாம் கம்ப்யூட்டருதான். பழைய சலானைப் பத்தி ஒரு பக்கம் எழுதித் தாங்க, போர்டுல ஒட்டுதோம்" என்றார்கள். எழுத உட்கார்ந்தால் ஒரே ஒரு சலான்தான் ஞாபகத்துக்கு வருகிறது. அது ஒரு பக்கத்தில் அடங்குகிற சலான் இல்லை. அதைப் பற்றி எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெளிவும் இல்லை.

எந்தக் கிளை என்று சொல்ல மாட்டேன். தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற லாரிகளின் இரைச்சல் நாள் முழுக்கக் கேட்கும் ஒரு கட்டடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் நாசரேத்துக்காரி, வாத்தியார் மகள். இருபத்து நாலு வயதில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். பயிற்சி என்று பெரிதாக எதுவும் இல்லை. தலையணை கனத்தில் ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்து, இதுதான் உமக்கு வேதம் என்றார்கள். அரசாங்கத்துக்கு வந்து சேரும் ஒவ்வொரு பைசாவுக்கும் அதில் ஒரு கணக்குத் தலைப்பு உண்டு, ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு நீளமான எண் உண்டு. முதல் மாதமே ஓர் இலக்கத்தை மாற்றி எழுதி, ஒரு பஸ் முதலாளி கட்டிய வாகன வரியை மீன்வளத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். "எஸ்தரம்மா பஸ்ஸைக் கடல்ல ஓட்டிட்டாவ" என்று ஒரு வருஷம் கேலி ஓடியது.

பணத்தை நாங்கள் தொடுவதில்லை. இது பலருக்குத் தெரியாது. கட்ட வருகிறவர் சலானை எழுதிக் கொண்டுவருவார். யார் கட்டுகிறார், எதற்காக, எவ்வளவு, எந்தத் தலைப்பு என்று பார்த்து நாங்கள் சரிபார்ப்போம். அலுவலர் கையெழுத்துப் போட்ட பிறகு அதை எதிரே உள்ள வங்கிக்கு எடுத்துப் போய்ப் பணத்தைக் கட்டி, முத்திரை வாங்கி வரவேண்டும். சாயங்காலம் வங்கியிலிருந்து பட்டியல் வரும். அதையும் எங்கள் பதிவேட்டையும் வரிக்கு வரி ஒத்துப்பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போகலாம். தலைப்பு இல்லாத பணம் என்று உலகத்தில் ஒன்று கிடையாது என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் உதவிக் கருவூல அலுவலர் ஆறுமுகநயினார் சார். வாயில் எப்போதும் ஒரு கிராம்பு இருக்கும். எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் உடனே பேச மாட்டார். காகிதத்தை மேஜையில் வைத்து, இஸ்திரி போடுகிற மாதிரி உள்ளங்கையால் மூன்று தடவை நீவுவார். பிறகு, "யாரு கட்டுதா? எதுக்குக் கட்டுதா? எந்தத் தலைப்பு?" என்பார். மூன்றுக்கும் பதில் இருந்தால் பச்சை மையில் கையெழுத்து விழும். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் காகிதம் திரும்பி வந்துவிடும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. எனக்குத்தான் மூக்குக்கு மேலே கோபம் வரும்.

நான் கணக்கராகப் பதவி உயர்ந்த புதிதில் ஒரு நாள் காலை மீரான் பாய் வந்தார். சங்கு தரம் பிரிக்கிறவர். முத்துக் குளித்த காலம் போன பிறகும் சங்கு குளிக்கிறவர்கள் இங்கே இருந்தார்கள். அவர்கள் எடுத்து வருவதை வாங்கி, அளவு பார்த்துப் பிரித்து, வளையல் அறுப்பதற்காகக் கல்கத்தாவுக்கு அனுப்பும் சிறு வியாபாரம் அவருக்கு. வெள்ளைச் சட்டை, வெள்ளைச் சாரம், கையில் ஒரு மஞ்சள் பை.

"பிள்ள, ஒரு கடன் கட்டணும்."

"என்ன கடன் பாய்? வீட்டுக் கடனா, தொழிற்கடனா?"

"நாட்டுக் கடன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்து, மடிப்பைப் பிரித்து என் முன்னால் வைத்தார். ஒவ்வோர் இந்தியர் தலையிலும் இவ்வளவு ரூபாய் கடன் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அன்றைக்கு என் இரண்டு மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகை.

"தலைக்கு இவ்வளவுன்னு போட்டிருக்காம்லா. என் தலை ஒண்ணு, வீட்டுக்காரி தலை ஒண்ணு. பிள்ளைய பங்கை அதுக பாத்துக்கிடும். எங்க கட்டணும்னு சொல்லு."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவரும் மனைவி பாத்திமுத்தும் ஒன்பது நாளில் ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறார்கள். கடன்காரராக அந்தப் பயணம் போகக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். டீக்கடைப் பழைய பாக்கியிலிருந்து, செத்துப்போன கல்கத்தா வியாபாரியின் மகனுக்கு மணியார்டர் வரைக்கும் எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு வந்திருந்தார். மிச்சம் இது ஒன்றுதான்.

"எங்க பள்ளிவாசல் ஆலிம்சாவும் இப்பிடித்தான் சிரிச்சாவ. நீ கையெழுத்துப் போட்டு வாங்கல, உனக்கு இதுல பொறுப்பு இல்லன்னு சொன்னாவ. கையெழுத்துப் போடல, வாஸ்தவந்தான். ஆனா அவுக கடன் வாங்கிப் போட்ட ரோட்டுல நான் நடந்தேம்லா? அவுக கட்டின ஹார்பர்ல என் சங்கு மூட்டை ஏறிச்சுல்லா? தின்னுட்டுக் கையெழுத்துப் போடலன்னு சொன்னா அது நியாயமா?"

சாரிடம் அழைத்துப் போனேன். அவர் பத்திரிகைத் துண்டையும் மூன்று தடவை நீவினார். பிறகு பழைய சலான் ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டு, மேலே கடன், கீழே நாட்டு வருமானம் என்று எழுதினார்.

"பாய், இது பெட்டிக்கடை பாக்கி மாதிரி இல்ல. கடன் எவ்வளவுன்னு மட்டும் பாக்கப்பிடாது. வருமானத்துல அது எத்தனை பங்குன்னு பாக்கணும். கீழ உள்ளது வேகமா வளந்தா, மேல உள்ளது எவ்வளவு இருந்தாலும் பயம் இல்ல."

"அந்தப் பங்கு ஏறுதா சார், எறங்குதா?"

சார் கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார். "நான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து பாத்தா, ஏறித்தான் இருக்கு."

"அப்பம் எப்பம் அடைப்பாவ?"

"அடைக்க மாட்டாவ பாய். பழசுக்குத் தவணை வந்தா, புதுசா வாங்கி அதைக் குடுப்பாவ. அரசாங்கத்துக்குச் சாவு இல்லைலா? அதனால குடுத்தவனுக்கும் பயம் இல்ல."

"அரசாங்கத்துக்கு மவுத்து இல்ல, சரி. எனக்கு உண்டுல்லா சார்?"

சார் அந்தப் பழைய சலானை மடித்து ஓரமாக வைத்தார். "தலைப்பு இல்லாம நான் எதையும் வாங்க முடியாது பாய்" என்றார். மீரான் பாய் மஞ்சள் பையோடு எழுந்து போனார்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் அலுவலகமே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அரசாங்கம் யாரிடம் கடன் வாங்குகிறது என்று ஒருத்தி கேட்டாள். வேறு யார், நம்மிடம்தான், வங்கியில் நாம் போடுகிற பணம், இன்சூரன்ஸ் தவணை, நம்முடைய சேமநல நிதி எல்லாம் சுற்றிச் சுற்றி அங்கேதான் போகிறது என்றார் இன்னொருவர். அப்படியானால் மீரான் பாய் கட்டுகிற பணத்தில் ஒரு காசாவது எனக்கு வரவேண்டும். நானும் ஓர் இந்தியத் தலை என்பதால் என் பங்கை நான் எனக்கே கட்டவேண்டும். நான் கடன் கொடுத்தவளா, கடன்பட்டவளா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. கட்டிக் கொண்டுபோன எலுமிச்சம்பழச் சோற்றை அப்படியே மூடி வைத்தேன்.

மீரான் பாய் அடுத்த நாளும் வந்தார், அதற்கு அடுத்த நாளும் வந்தார். பேசமாட்டார். பெஞ்சில் உட்கார்ந்திருப்பார், மூடும்போது எழுந்து போவார். நான் அந்தத் தலைப்புப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டினேன். நாட்டுக் கடனில் குடிமகன் பங்கு என்று எங்கேயும் இல்லை. ஐந்தாம் நாள் அவர் வரவில்லை, பாத்திமுத்து வந்தாள்.

"பிள்ள, கடன் அடையாம ஏற மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்காவ. இருபது வருஷமாச் சேத்த பயணம். இவிய போகலன்னா நான் மட்டும் எப்பிடிப் போவேன்? ஏதாவது ஒரு தாள்ல ஒரு சீலைக் குத்திக் குடுளா."

பொய்யாக ஒரு சீல் குத்திக் கொடுத்திருக்கலாம். அவருக்கும் தெரிந்திருக்காது, அரசாங்கத்துக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அது என்னால் முடியாது. அதனால் அதைவிடப் பெரிய தப்பைச் செய்தேன். உண்மையான சலான் ஒன்றை எடுத்து, வேறு எதிலும் சேராத வரவுகளுக்கென்று இருக்கும் இதர வரவுகள் தலைப்பைப் போட்டு, 'நாட்டுக் கடனில் எனது பங்கும் என் மனைவி பாத்திமுத்துவின் பங்கும்' என்று எழுதினேன். சாரிடம் நீட்டினேன். மூன்று தடவை நீவினார். நான்காவது தடவையும் நீவினார். பிறகு 'சொந்த விருப்பத்தின் பேரில்' என்று தன் கையாலேயே சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அன்றைக்கே மீரான் பாய் வங்கியில் கட்டி, முத்திரை விழுந்த நகலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இரண்டு பேரும் குறித்த நாளில் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். திரும்பி வந்து அலுவலகம் முழுக்கப் பேரீச்சம்பழம் கொடுத்தார்.

மறு வருஷம் தணிக்கைக் குழு வந்தது. ஆயிரக்கணக்கான சலான்களில் அவர்கள் கண் அதில்தான் போய் விழுந்தது. பத்திரிகையில் வந்தது மத்திய அரசின் கடன், எங்கள் புத்தகத்துத் தலைப்பு மாநிலத்தினுடையது. மத்திய அரசின் கடனுக்கென்று கட்டிய பணத்தை மாநிலக் கணக்கில் வரவு வைத்தது தவறு, செலுத்தியவருக்குத் திருப்பிக் கொடுத்து அவர் கையொப்பம் பெறுக என்று ஒரு தணிக்கைத் தடை எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். பஸ்ஸைக் கடலில் ஓட்டியவள் கடனையும் மாற்றி ஓட்டியிருந்தேன்.

மாநிலத்துக்கும் கடன் உண்டு, அங்கேயும் அவர் ஒரு தலைதான் என்று சார் ஒரு பதில் எழுதிப் பார்த்தார். எடுபடவில்லை. திருப்பிக் கொடுப்பதென்றால் மீரான் பாயிடம் போய், உங்கள் கடன் அடையவில்லை, கடனோடுதான் ஹஜ்ஜுக்குப் போய் வந்தீர்கள் என்று சொல்லவேண்டும். என்னால் முடியவில்லை. ஒவ்வொரு வருஷமும் தணிக்கைக்கு 'செலுத்தியவரிடம் கையொப்பம் பெற நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று எழுதி அனுப்பினேன். போன வருஷத்துப் பதிலையே பார்த்து இந்த வருஷமும் எழுதுவேன். சார் ஓய்வு பெற்றுப் போனார், இரண்டு வருஷத்தில் காலமும் ஆனார். தடை மட்டும் உயிரோடு இருந்தது.

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம் பிடித்துக்கொண்டது. வருஷா வருஷம் பட்ஜெட் சமயத்தில் பத்திரிகையில் தலைக்கடன் எவ்வளவு என்று பார்ப்பேன். தொகை பல மடங்கு ஏறிவிட்டது. வருமானத்தில் பங்கு என்று பார்த்தால் சில வருஷம் ஏறியது, சில வருஷம் இறங்கியது, அந்தக் கொள்ளைநோய் வருஷத்தில் மறுபடி எகிறியது. ஆனால் என் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேடிக்கை. முதலில் என் இரண்டு மாதச் சம்பளம், ஓய்வு பெறும்போதும் ஏறக்குறைய அதே இரண்டு மாதச் சம்பளம்தான். அகவிலைப்படியும் பதவி உயர்வும் என்னை அதோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. அப்படியானால் கடன் வளர்ந்ததா, வளரவில்லையா? சங்கு வியாபாரம் நின்றுபோய் வீட்டோடு இருந்த மீரான் பாய்க்கு அது எத்தனை மாத வருமானம்? எனக்கு இந்தக் கணக்கு பிடிபடவே இல்லை.

ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் இருக்கும்போது என் கோப்பு திரும்பி வந்தது. என் பெயரில் ஒரு தணிக்கைத் தடை நிலுவையில் இருப்பதால் பணிக்கொடையை நிறுத்தி வைக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பணத்தை நம்பி மகளுக்கு வீடு வாங்க வாக்குக் கொடுத்திருந்தோம். இத்தனை வருஷம் மீரான் பாய் மனம் நோகக் கூடாது என்றுதான் சொல்லாமல் இருந்தேன் என்று நினைத்திருந்தேன். என் பணத்துக்கு ஆபத்து என்றதும் அவர் வீட்டுக்கு வழி விசாரிக்கிறேனே என்று என் மேலேயே அருவருப்பாக இருந்தது.

மீரான் பாய்க்கு எண்பது தாண்டியிருந்தது. காது கொஞ்சம் மந்தம். பாத்திமுத்து தேயிலை போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். நான் குடிக்கவில்லை. சத்தமாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன்.

"பாய், அன்னைக்கு நீங்க கட்டின பணம் அந்தக் கடனுக்குப் போய்ச் சேரல. நான் தப்பாப் போட்டுட்டேன். திருப்பித் தரச் சொல்லுதாவ. இதுல கையெழுத்துப் போடணும்."

அவர் விரல்கள் மடியில் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

"இத்தன வருஷமும் அந்தத் துட்டு ஆருகிட்ட இருந்துச்சு பிள்ள?"

"அரசாங்கத்துக்கிட்டதான் பாய்."

"செலவழிச்சிருப்பாவளா?"

"செலவழிச்சிருப்பாவ."

"அப்பம் நான் அவுகளுக்குக் கடன் குடுத்திருக்கேன்!" கிழவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "நான் கடன்காரன் இல்ல, அவுகதான் எனக்குக் கடன்காரவுக. கஷ்டப்படுதவனுக்குக் குடுத்த கடனை மன்னிக்கது எங்க மார்க்கத்துல பெரிய நன்மை. அவுகளுக்கு இன்னமும் கஷ்டந்தானே? பேப்பர்ல போட்டுக்கிட்டேதான் இருக்கான். மன்னிச்சிட்டேன் போ."

"பாய், கையெழுத்து…"

"வாங்காத துட்டுக்கு எதுக்குக் கையெழுத்து? மன்னிச்சிட்டேன்னு வேணும்னா எழுதித் தாரேன்."

எழுதியும் தந்தார். அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அலுவலகத்தில் என்ன செய்வது என்று நான் விழித்துக்கொண்டிருக்கும்போதே, அடுக்களையிலிருந்து பாத்திமுத்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"அவிய பங்கைத்தான் அவிய மன்னிச்சிருக்காவ. என் பங்கை நான் மன்னிக்கல. அந்தத் தாளைக் கொண்டா."

"ஏளா, நன்மைளா…" என்றார் மீரான் பாய்.

"உங்க நன்மைய நீங்க வச்சுக்கிடுங்க. எனக்குத் துட்டு வேணும்."

நான் கொண்டுபோயிருந்த ரசீதை வாங்கி, நிதானமாகத் தன் பெயரை எழுதினாள். சலானில் இரண்டு பங்கு என்று நானே தெளிவாக எழுதியிருந்ததால், புதிதாக வந்திருந்த அலுவலர் தொகையை இரண்டாகப் பிரிக்க ஒத்துக்கொண்டார். மீரான் பாயின் பாதியை நன்கொடை என்று ஏற்று, பாத்திமுத்துவின் பாதியை அவள் வங்கிக் கணக்கில் போட்டார்கள். தடை நீங்கியது, என் பணிக்கொடையும் வந்தது. பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது.

பணம் எடுக்கத் துணைக்கு வா என்று பாத்திமுத்து கூப்பிட்டாள். போனேன். வங்கி பெஞ்சில் உட்கார்ந்து நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினாள். பிறகு நேரே எதிர்ச்சாரியில் இருந்த நகைக்கடைக்குள் நுழைந்தாள். நானும் பின்னாலேயே போனேன். நோட்டுகளைக் கண்ணாடி மேஜையில் வைத்து, "இதுக்கு எவ்வளவு தங்கம் வரும்?" என்று கேட்டாள். கடைக்காரப் பையன் எண்ணிப் பார்த்தான்.

"ஒரு கிராமுக்கே கொஞ்சம் குறையுதும்மா" என்றான்.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அன்னைக்கு அவியகிட்ட அவிய தலைக்குத்தான் துட்டு இருந்துச்சு பிள்ள. என் தலைக்கு என் கழுத்துல கெடந்ததைக் கழத்தி வித்தாவ. ரெண்டரைப் பவுன் சங்கிலி. எங்க உம்மா போட்டது."

எனக்கு அது தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"ஒரு ரூபா குறையாமத் திருப்பித் தந்திருக்காவம்மா. நீங்களே ரெண்டு தடவை எண்ணிப் பாத்தீங்களே."

"எண்ணிக்கையெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றாள் பாத்திமுத்து. "என் சங்கிலி எங்க?"